வீட்டுச் சுவரில் சிவப்புக் குறி: நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்கு வீடு போகும்போது எதை, எப்போது, யாரிடம் கேட்பது

ஒரு நாள் காலையில் சர்வேயரும் இரண்டு ஆட்களும் வருவார்கள். ரோட்டின் நடுக்கோட்டில் டேப்பின் ஒரு முனையைப் பிடித்து அளந்துகொண்டே உங்கள் வாசலுக்குள் வந்து, மதில் சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் ஓர் அம்புக்குறியும் ஓர் எண்ணும் போட்டுவிட்டுப் போவார்கள். கேட்டால் "சும்மா சர்வேதான் சார்" என்பார்கள். அன்று சாயங்காலம் தெருவே கூடி நின்று பேசும், அப்புறம் ஒரு வாரத்தில் பேச்சு அடங்கிவிடும். ஏழெட்டு மாதம் கழித்து இழப்பீட்டுக்கு ஆவணம் கேட்டு நோட்டீஸ் வரும்போதுதான், வீட்டைக் காப்பாற்றக் கேட்க வேண்டிய நாள் எப்போதோ போய்விட்டது என்று தெரியவரும்.

எங்கள் பகுதியில் ரோடு அகலமானபோது இதைக் கண்ணெதிரே பார்த்தேன். நாற்பது வருடமாகக் குடியிருந்தவர்கள், பத்திரம் பட்டா எல்லாம் சரியாக வைத்திருந்தவர்கள், தவறான நேரத்தில் தவறான கேள்வியைக் கேட்டதால் மட்டும் தோற்றார்கள். நில எடுப்புச் சட்டம் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் காது கொடுக்கும். முதலில் "இந்த நிலம் வேண்டுமா வேண்டாமா", பிறகு "எவ்வளவு பணம்", கடைசியில் "எப்போது காலி செய்வது". முதல் கட்டத்தில் பணத்தைப் பற்றி எழுதினாலும் வீண், கடைசிக் கட்டத்தில் ரோட்டைத் திருப்பச் சொன்னாலும் வீண். இந்த வரிசையில்தான் கீழே சொல்கிறேன், தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து.

முதல் வேலை: வந்திருப்பது எந்த நோட்டீஸ்?

காகிதத்தின் தலைப்பில் எந்தச் சட்டம் என்று இருக்கும், அதை முதலில் படியுங்கள். மூன்று வகை வரலாம்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம். மாநில நெடுஞ்சாலை என்றால் 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம். இந்த இரண்டிலும் நிலம் உங்களுடையது என்று ஒப்புக்கொண்டுதான் எடுக்கிறார்கள், அதனால் இழப்பீடு உண்டு.

மூன்றாவதுதான் ஆபத்தானது: ஆக்கிரமிப்பு நோட்டீஸ். 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவிலோ, நெடுஞ்சாலைச் சட்டங்களில் உள்ள ஆக்கிரமிப்புப் பிரிவுகளிலோ வரும். "நீ இருப்பது அரசு நிலம், காலி செய்" என்பதுதான் அதன் பொருள். இதற்குப் பதில் எழுதாமல் விட்டால் இழப்பீடு என்ற பேச்சே எழாது. கிராம நத்தத்தில் தலைமுறையாக வீடு கட்டி இருப்பவர்களுக்கும் சில நேரம் இந்த நோட்டீஸ் வந்துவிடுகிறது. நத்தம் என்பது குடியிருப்புக்கான நிலம், அதைச் சாலைப் புறம்போக்கு மாதிரி நடத்த முடியாது. நத்தம் பட்டா, பழைய வரி ரசீது, மின் இணைப்பு எடுத்த தேதி இவற்றை இணைத்து, நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்கிவிடுங்கள். இந்த வகை நோட்டீஸுக்கு மட்டும் முதல் நாளே வக்கீலைப் பாருங்கள்.

காகிதங்களைச் சேர்ப்பது

இதற்கு நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, சிவப்புக் குறி விழுந்த அன்றே ஆரம்பிக்கலாம். மூலப்பத்திரம், உங்கள் பத்திரம், பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம், நகரம் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி, சொத்து வரி ரசீது. பட்டா விவரமும் வரைபடமும் வருவாய்த் துறையின் இ-சேவைத் தளத்தில் கிடைக்கும், வில்லங்கச் சான்று பதிவுத் துறைத் தளத்தில்.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பட்டா யார் பெயரில் இருக்கிறது? அப்பா இறந்து பதினைந்து வருடம் ஆகியிருக்கும், பட்டா இன்னும் அவர் பெயரிலேயே கிடக்கும், அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்காமல் ஒற்றுமையாக இருந்திருப்பார்கள். நோட்டீஸ் இறந்தவர் பெயருக்கு வரும், அல்லது வரவே வராது. பணம் யாருக்கு என்பதில் தகராறு என்று அதிகாரி எழுதிவிட்டால், தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3எச் பிரிவின்படி அது சிவில் நீதிமன்றத்துக்குப் போய்விடும், வீடு இடிந்த பிறகும் பணம் அங்கேயே தூங்கும். வாரிசுச் சான்று வாங்கிப் பட்டாவை இன்றைக்கே மாற்றுங்கள். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால் வங்கிக்கும் தகவல் சொல்லுங்கள், இழப்பீட்டில் அவர்களுக்கும் உரிமை உண்டு.

அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, கட்டணம் 10 ரூபாய்தான், பதில் 30 நாளில் வர வேண்டும். கேட்க வேண்டியவை: உங்கள் பகுதி வழியாகப் போகும் சாலைத் திட்ட வரைபடம், விரிவான திட்ட அறிக்கையில் உங்கள் ஊர் வரும் பக்கங்கள், ஆராய்ந்த மாற்றுப் பாதைகள், அந்த இடத்தில் ஏற்கெனவே சாலைக்குச் சொந்தமான நிலத்தின் அகலம். கடைசிக் கேள்விதான் முக்கியம். பல இடங்களில் முன்பே கையகப்படுத்திய நிலம் ரோட்டோரம் சும்மா கிடக்கும், அதன் மேல் வேறு யாராவது கடை போட்டிருப்பார்கள், அதைத் தொடாமல் எதிர்ப்பக்கத்துப் பட்டா வீட்டில் கை வைப்பார்கள்.

3ஏ: இந்த நாளிலிருந்து எண்ணுங்கள்

தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஏ பிரிவில் மத்திய அரசு அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிடும். இன்னின்ன சர்வே எண், இவ்வளவு சதுர மீட்டர், நிலத்தை எடுக்க உத்தேசம் என்று இருக்கும். அதன் சாரத்தை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் போட வேண்டும், ஒன்று தமிழில் இருக்க வேண்டும். இந்தச் சட்டப்படி முடிவெடுப்பவரின் பெயர் 'தகுதி வாய்ந்த அதிகாரி'. நம் ஊரில் பெரும்பாலும் நில எடுப்புக்கான தனி மாவட்ட வருவாய் அலுவலர்தான் அவர், சுருக்கமாக டிஆர்ஓ.

வீட்டுக்கு வீடு நோட்டீஸ் வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்காதீர்கள். ஆட்சேபணைக்கு 21 நாள்தான், அதுவும் 3ஏ அறிவிக்கை வெளியான தேதியிலிருந்து என்று சட்டம் சொல்கிறது. அரசிதழில் வந்து, நாளிதழில் வந்து, யாரோ பார்த்து உங்களுக்குச் சொல்வதற்குள் பத்து நாள் போயிருக்கும். தெருவில் கம்ப்யூட்டர் தெரிந்த இரண்டு பிள்ளைகளிடம் பொறுப்பைக் கொடுங்கள்: வாரம் ஒருமுறை இ-கெஜட் தளத்தில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேட வேண்டும். எப்போதும் அரசிதழ்த் தேதியையே முதல் நாளாக வைத்துக்கொள்ளுங்கள், நாளிதழ்த் தேதியை நம்பித் தாமதிக்க வேண்டாம்.

அறிவிக்கை கையில் வந்ததும் உங்கள் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் விரல் வைத்துச் சரிபாருங்கள். பரப்பு சரியா, நிலத்தின் வகை சரியா? வீடு இருக்கும் மனையைப் 'புஞ்சை' என்று போட்டிருப்பார்கள், இது அடிக்கடி நடக்கும் தவறு. சர்வே எண்ணில் 'ஒரு பகுதி' என்று மட்டும் எழுதி, எந்தப் பகுதி என்று காட்டும் வரைபடமும் பார்வைக்கு இல்லையென்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2005-இல் பாரங்கோர் சணல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட அரைகுறை விவரத்தோடு வந்த அறிவிக்கை செல்லாது என்றது. ஆனால் அதற்குள் நிலம் கைமாறி வேலை நடந்திருந்ததால், நிலம் திரும்பக் கிடைக்கவில்லை, பணக் கணக்கு மட்டும்தான் மாறியது. சீக்கிரம் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

3ஏ வந்த பிறகு மாடி எடுப்பது, முன்னால் கடை கட்டுவது என்று இறங்காதீர்கள். அதற்குப் பணம் வராது, மற்ற கோரிக்கைகளின் மேலும் சந்தேகம் விழும்.

21 நாள்: ஆட்சேபணையில் எதை எழுதுவது

இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். 3சி பிரிவின்படி நீங்கள் ஆட்சேபிக்கக்கூடியது உங்கள் நிலத்தை அந்த நோக்கத்துக்குப் பயன்படுத்துவதைத்தான். இழப்பீடு பற்றிய பேச்சுக்கு இங்கே இடமில்லை. "உரிய இழப்பீடு தந்தால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று நூறு பேர் கையெழுத்துப் போட்டு ஒரே மாதிரி மனு கொடுப்பார்கள். படிக்கும் அதிகாரிக்கு வேலை சுலபம்: ஆட்சேபணை இல்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள், தள்ளுபடி.

"நாங்கள் ஏழைகள், இது எங்கள் பூர்வீக வீடு" என்பது உண்மைதான், அதைச் சொல்ல வேண்டும்தான், ஆனால் அது மட்டும் போதாது. எந்த வழியாக ரோடு போக வேண்டும் என்பதை நிபுணர்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று 2011-இல் குஷாலா ஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அது மங்களூர்ப் பக்கம் நெடுஞ்சாலை அகலப்படுத்திய வழக்கு. அதனால் நிபுணரின் மொழியிலேயே, அளவோடு பேசினால்தான் எடுபடும்.

அளவு என்றால் இப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போக்குவரத்து குறைவாக இருக்கும்போது நான்கைந்து பேர் முப்பது மீட்டர் டேப்போடு இறங்குங்கள். ரோட்டின் இப்போதைய நடுக்கோட்டிலிருந்து உங்கள் பக்கத்துக் குறி வரை எவ்வளவு, எதிர்ப்பக்கத்துக் குறி வரை எவ்வளவு? தெரு முழுக்க இருபது மீட்டருக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள், ஒவ்வோர் இடத்திலும் போட்டோ எடுங்கள். இரண்டு பக்கமும் சமமாக எடுக்கிறார்களா, ஒரு பக்கம் மட்டும் அதிகமாக எடுக்கிறார்களா என்று தெரிந்துவிடும். இந்தப் பக்கம் 22 மீட்டர், காலி நிலம் கிடக்கும் அந்தப் பக்கம் 14 மீட்டர் என்று வந்தால், உங்கள் ஆட்சேபணையின் முதல் வரி அதுதான்.

மற்ற கேள்விகளும் உண்டு. வீடுகள் நெருக்கமாக உள்ள இந்த ஒரு கிலோமீட்டரில் மட்டும் அகலத்தைக் குறைக்க முடியாதா, சர்வீஸ் ரோட்டை விட்டுவிட முடியாதா? ஊருக்கு வெளியே புறவழிச்சாலை போடுவதை ஆராய்ந்தார்களா, நிராகரித்தார்கள் என்றால் என்ன காரணம்? தூண்களின் மேல் பாலமாகக் கொண்டுபோக முடியுமா? கேரளத்தில் தேசிய நெடுஞ்சாலை 66-ஐ 45 மீட்டராக அகலப்படுத்தியபோது, வீடுகள் நெருங்கி இருக்கும் ஊர்களில் 30 மீட்டர் போதும் என்று மக்கள் வருடக்கணக்கில் போராடினார்கள், கடைசியில் 45 மீட்டர்தான் நின்றது. அப்படியிருந்தும் இந்தக் கேள்விகளைக் கேட்கச் சொல்கிறேன், ஏனென்றால் கேட்டு, பதில் சொல்லாமல் தள்ளினார்கள் என்றால், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவுக்கு அது அடிப்படை. கேட்கவே இல்லை என்றால் அங்கே சொல்ல ஒன்றும் இருக்காது.

மனுவின் வடிவம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"பெறுநர்: நில எடுப்பு தனி மாவட்ட வருவாய் அலுவலர் / தகுதி வாய்ந்த அதிகாரி. பொருள்: 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 3சி பிரிவின் கீழ் ஆட்சேபணை. பார்வை: இன்ன தேதியிட்ட அரசிதழ் அறிவிக்கை, வரிசை எண், சர்வே எண். 1) மேற்படி நிலத்தில் இன்ன ஆண்டு முதல் நான் வீடு கட்டிக் குடியிருக்கிறேன். 2) அறிவிக்கையில் பரப்பும் நில வகையும் தவறாக உள்ளன, சரியான விவரம் இணைப்பு 1. 3) சாலையின் எதிர்ப்புறம் இன்ன சர்வே எண்ணில் காலி நிலம் உள்ளது, அளவுகளும் படங்களும் இணைப்பு 2. 4) மாற்றுப் பாதைகள் குறித்து விரிவான திட்ட அறிக்கையின் நகல் கோரியுள்ளேன், அது கிடைக்கும்வரை விசாரணையை முடிக்க வேண்டாம். 5) என்னை நேரிலும் வழக்கறிஞர் மூலமும் விசாரிக்க வேண்டும். இழப்பீடு குறித்த எனது உரிமைகள் எதையும் இம்மனுவின் மூலம் விட்டுக்கொடுக்கவில்லை."

ஆளுக்கு ஒரு மனு, அவரவர் சர்வே எண்ணோடு. தெருவின் கூட்டு மனு தனியாக இருக்கட்டும், அது கூடுதல்தான், தனி மனுவுக்கு மாற்று கிடையாது. நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள், பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

மாநில நெடுஞ்சாலை என்றால் வரிசை கொஞ்சம் வேறு. 2001 சட்டத்தின் 15(2) பிரிவில் "நிலத்தை ஏன் எடுக்கக் கூடாது" என்று காரணம் கேட்டு முதலில் நோட்டீஸ் வரும், அதற்குப் பிறகுதான் 15(1) அறிவிக்கை, அது வந்தால் 16-ஆம் பிரிவின்படி நிலம் அரசுக்குப் போய்விடும். இந்தச் சட்டத்தைக் கொண்டு நிலம் எடுக்க முடியாதபடி 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் முடக்கியது, அதே ஆண்டில் மாநில அரசு புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தது, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆக, இப்போது செல்லும். 15(2) நோட்டீஸுக்கான பதிலையும் மேலே சொன்ன மாதிரியே எழுதுங்கள்.

விசாரணை நாள்

டிஆர்ஓ அலுவலகத்தில் ஒரே நாளில் நூறு பேரைக் கூப்பிட்டு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று படித்துவிட்டுப் போடுங்கள். வருகைக்கான கையெழுத்தும் சம்மதத்துக்கான கையெழுத்தும் ஒரே தாளில் இருக்கக்கூடும். நீங்கள் பேசியதை இரண்டு பக்கத்தில் எழுதி எடுத்துப் போய்க் கொடுத்து, "இன்று விசாரணையில் அளித்தது" என்று முத்திரை வாங்கிவிட்டால் பிறகு யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. அதிகாரி ஆட்சேபணையை ஏற்றோ நிராகரித்தோ உத்தரவு போட வேண்டும், அது இறுதியானது என்று சட்டம் சொல்கிறது. அந்த உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் அளவுகளுக்கு ஒரு வரிகூடப் பதில் இல்லாமல் எல்லாருக்கும் ஒரே வாசகத்தில் உத்தரவு வந்திருந்தால், உயர் நீதிமன்றம் போவதற்கு அதுதான் நேரம், நிலம் அரசுக்குப் போகும் 3டி பிரகடனம் வந்த பிறகு அல்ல.

3டி வந்துவிட்டால்

3டி பிரிவில் பிரகடனம் அரசிதழில் வெளியான நொடியில் நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம். பணம் வந்ததா இல்லையா என்பதெல்லாம் கணக்கில்லை. அந்தப் பிரகடனத்தை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்றும் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அரசியல் சாசனப்படி உயர் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் போய்விடாது, ஆனால் அந்தக் கட்டத்தில் நிவாரணம் கிடைப்பது அரிது.

இங்கே பார்க்க வேண்டிய தேதி ஒன்று இருக்கிறது. 3ஏ வெளியாகி ஒரு வருடத்துக்குள் 3டி வரவில்லை என்றால் அந்த 3ஏ காலாவதி, நீதிமன்றத் தடை இருந்த நாட்களை மட்டும் கழித்துக்கொள்வார்கள். இரண்டு அரசிதழ்களையும் பக்கத்தில் வைத்துத் தேதியைப் பாருங்கள்.

இன்னொன்று, சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை வழக்கிலிருந்து. 277 கிலோமீட்டர் திட்டம். 2019 ஏப்ரல் 8-இல் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது, 2020 டிசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம் 3ஏ அறிவிக்கைகள் செல்லும் என்றது. ஆனால் அதே தீர்ப்பில், நிலம் அரசுக்குப் போவதற்கு முன்பே வருவாய்ப் பதிவேடுகளில் பெயரை மாற்றியது சட்டவிரோதம் என்று சொல்லி, பழைய உரிமையாளர்களின் பெயர்களை மீட்டுத் தரச் சொன்னது. ஆகவே 3ஏ கட்டத்திலேயே உங்கள் பட்டாவில் கை வைத்திருந்தால் உடனே எழுதிக் கேளுங்கள், 3ஏ என்பது உத்தேசம்தான்.

வீட்டை மதிப்பிட வருகிறார்கள்

அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருங்கள். இதை ஒரு வீட்டை வைத்துச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஓர் அக்காவின் வீட்டில் முன்பக்கம் பதினோரு அடிதான் குறிக்குள் வந்தது. பொறியாளர் வந்து திண்ணையையும் முன் அறையின் பாதியையும் அளந்து, இத்தனை சதுர அடி என்று எழுதிக்கொண்டார். ஆனால் அந்தப் பதினோரு அடிக்குள்தான் மாடிப் படிக்கட்டு இருந்தது, அது போனால் மாடிக்கு ஏற வழி கிடையாது. போர்வெல்லும் செப்டிக் டேங்க்கும் வாசலில்தான், மீட்டர் பெட்டி முன் சுவரில், முன் அறையின் நடுச் சுவர்தான் மாடியின் பாரத்தைத் தாங்கியது. அதாவது காகிதத்தில் வீட்டின் கால் பங்கு, உண்மையில் முழு வீடும். அக்கா ஒரு நோட்டுப் புத்தகத்தில் இதையெல்லாம் படம் போட்டு வரிசையாக எழுதி, தனியார் பொறியாளர் ஒருவரிடம் 'மீதிக் கட்டடம் குடியிருக்கத் தகுதியற்றது' என்று சான்று வாங்கி இணைத்தார். மறுமதிப்பீட்டில் படிக்கட்டு, போர்வெல், டேங்க் மூன்றும் தனித்தனியாக ஏறின.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 3ஜி(7) பிரிவு நான்கு விஷயங்களைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது: 3ஏ வெளியான நாளில் நிலத்தின் சந்தை மதிப்பு, நிலத்தைத் துண்டாக்குவதால் மீதிக்கு வரும் சேதம், உங்கள் மற்ற சொத்துக்கோ வருமானத்துக்கோ வரும் பாதிப்பு, வீட்டையோ தொழிலையோ வேறிடம் மாற்றும் செலவு. முதலாவதை மட்டும் அவர்களே போடுவார்கள். மற்ற மூன்றையும் கேட்டால்தான் உண்டு, அதுவும் கணக்கோடு கேட்க வேண்டும். 3ஜி(3) பிரிவில் கோரிக்கைகளை அழைத்து நாளிதழில் விளம்பரம் வரும், அப்போது கொடுங்கள். மரங்களை எண்ணிப் போட்டோ எடுங்கள், கட்டட மதிப்பில் தேய்மானம் என்று எவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

பணக் கணக்கு

2015 முதல் தேசிய நெடுஞ்சாலைக்கு எடுக்கும் நிலத்துக்கும் 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு முறைதான். மாநிலச் சாலைக்கும் அதே கணக்குதான்.

நிலத்தின் சந்தை மதிப்பை 26-ஆம் பிரிவின்படி எடுக்க வேண்டும்: பதிவுத் துறை வழிகாட்டி மதிப்பு ஒன்று, அக்கம்பக்கத்தில் கடந்த மூன்று வருடத்தில் நடந்த விற்பனைகளின் சராசரி இன்னொன்று, எது அதிகமோ அது. அந்தச் சராசரியும் எல்லாப் பத்திரத்துக்குமானது அல்ல, விலை அதிகமான பாதிப் பத்திரங்களுக்கு மட்டும். இருபது விற்பனை நடந்திருந்தால் உச்ச விலையில் உள்ள பத்தைத்தான் எடுக்க வேண்டும். அதிகாரி எந்தப் பத்திரங்களை எடுத்தார் என்று பட்டியல் கேளுங்கள், பதிவு அலுவலகத்தில் நகல் போட்டு நீங்களே ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள். தெருவே சேர்ந்து செய்தால் செலவு பெரிதாக வராது, இந்த ஒரு வேலைக்குக் கிடைக்கும் பலன் வேறு எதற்கும் கிடைக்காது.

கிராமப்புற நிலத்துக்கு அந்த மதிப்பை 1 முதல் 2 வரை மாநில அரசு நிர்ணயித்த ஒரு காரணியால் பெருக்குவார்கள், நகரத்தில் காரணி 1. அதோடு கட்டடம், மரம், கிணறு மதிப்பைக் கூட்டி, வரும் தொகைக்குச் சமமாக இன்னொரு மடங்கு சொலேஷியம் எனப்படும் ஆறுதல் தொகை. நில மதிப்பின் மேல் ஆண்டுக்கு 12 சதவீதம் கூடுதல் தொகையும் உண்டு, 3ஏ நாளிலிருந்து அவார்டு, அதாவது இழப்பீட்டைத் தீர்மானிக்கும் உத்தரவு, வரும் நாள் வரை.

நகரத்தில் ஒரு வீடு என்று வையுங்கள். நிலம் 20 லட்சம், கட்டடம் 15 லட்சம், ஆக 35. சொலேஷியம் 35. அவார்டு வர ஒன்றரை வருடம் ஆனால் 20 லட்சத்துக்கு 18 சதவீதம், 3 லட்சத்து 60 ஆயிரம். மொத்தம் 73 லட்சத்து 60 ஆயிரம். உங்கள் அவார்டில் இந்த ஒவ்வொரு வரியும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மறுவாழ்வுத் தொகைகள் வேறு. 2013 சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் வீடு இழந்த குடும்பத்துக்கு வீடோ அதற்கான பணமோ, மாதம் 3,000 ரூபாய் வீதம் ஒரு வருடம், சாமான் ஏற்றிப் போக 50,000, ஒருமுறை மறுகுடியமர்வுத் தொகை 50,000, சிறு கடைக்காரருக்குக் குறைந்தது 25,000 என்று இருக்கிறது. நகரத்தில் மூன்று வருடமாவது அந்த இடத்தில் குடியிருந்திருந்தால், நிலம் சொந்தமில்லாத குடும்பமும் இதில் கேட்கலாம். வாடகைக்கு இருப்பவர்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை, உங்கள் மாடியில் குடியிருப்பவரிடம் நீங்கள் சொல்லுங்கள்.

நேரடிப் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டு உடனே பணம் தருகிறோம் என்றால், மேலே உள்ள கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். சம்மதித்துப் பத்திரம் எழுதிவிட்டால் பிறகு கூடுதலாகக் கேட்கும் வழி அடைபடும்.

1997-க்கும் 2015-க்கும் இடையே நிலம் கொடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: அப்போது தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் சொலேஷியமே கிடையாது. 2019-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது பாரபட்சம் என்று சொல்லிவிட்டது, 2025 பிப்ரவரியில் அதை முன்தேதிக்குப் பொருத்தக் கூடாது என்ற நெடுஞ்சாலை ஆணையத்தின் கோரிக்கையையும் தள்ளியது. உங்கள் பழைய வழக்கு நிலுவையில் இருந்தால் வக்கீலிடம் இதைக் காட்டுங்கள்.

தொகை போதாது என்றால்

பணத்தை வாங்க மறுக்க வேண்டாம். "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன், கூடுதல் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாங்குங்கள். பிறகு 3ஜி(5) பிரிவில் நடுவரிடம் மனு. நடுவரை நியமிப்பது மத்திய அரசு, நம் மாவட்டங்களில் பெரும்பாலும் ஆட்சியர்தான். அவரும் அரசு அதிகாரிதானே என்று பலர் இந்தப் படியைத் தாண்டி நேராக நீதிமன்றம் போகப் பார்க்கிறார்கள், அங்கே "முதலில் நடுவரிடம் போ" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். விற்பனைப் பத்திரங்களையும் பொறியாளர் சான்றையும் இங்கேயே முழுமையாகத் தாக்கல் செய்யுங்கள், மேலே போகும்போது புதிய சாட்சியம் சேர்ப்பது கடினம். நடுவர் தொகையைக் கூட்டினால், கூடிய பகுதிக்கு நிலத்தை எடுத்துக்கொண்ட நாளிலிருந்து 9 சதவீத வட்டி தரலாம் என்று 3எச்(5) சொல்கிறது.

நடுவர் தீர்ப்பும் திருப்தி இல்லை என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் 1996-ஆம் ஆண்டின் நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு மனு. கெடு மூன்று மாதம், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 30 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து போன ஹக்கீம் வழக்கு இங்கே முக்கியம். சதுர மீட்டருக்கு 46 ரூபாய் 55 காசு முதல் 83 ரூபாய் 15 காசு வரை போட்டிருந்தார்கள், மாவட்ட நீதிமன்றம் 645 ரூபாயாக உயர்த்தியது. 2021-இல் உச்ச நீதிமன்றம், நடுவர் தீர்ப்பைத் திருத்தும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை என்று சட்டத்தைச் சொன்னாலும், அந்த நில உரிமையாளர்களின் தொகையில் மட்டும் கை வைக்கவில்லை. 2025 ஏப்ரலில் அரசியல் சாசன அமர்வு, சில வரம்புகளுக்குள் திருத்தலாம் என்றது. பத்து மடங்கு வித்தியாசம் வந்த வழக்கு அது, முதல் அவார்டோடு நின்றிருந்தால் 46 ரூபாய்தான்.

வரி பற்றிச் சுருக்கமாக: 2013 சட்டத்தின் 96-ஆம் பிரிவு இழப்பீட்டுக்கு வருமான வரி இல்லை என்கிறது, நேரடி வரிகள் வாரியத்தின் 2016-ஆம் ஆண்டு 36-ஆம் எண் சுற்றறிக்கையும் இருக்கிறது. இருந்தும் 10 சதவீதம் பிடித்துவிடுவார்கள். ஆடிட்டரிடம் அவார்டைக் காட்டிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பக் கேளுங்கள்.

காலி செய்யும் கட்டம்

தொகையை டெபாசிட் செய்த பிறகு 3இ பிரிவில் நோட்டீஸ் வரும், அது கைக்குக் கிடைத்ததிலிருந்து 60 நாள். அந்த 60 நாளைக்கு முன் ஜேசிபி வந்தால் நோட்டீஸ் நகலைக் காட்டி நிறுத்தச் சொல்லுங்கள், வீடியோ எடுங்கள், உடனே டிஆர்ஓவுக்கு எழுதுங்கள். மின் இணைப்பையும் குடிநீர் இணைப்பையும் நீங்களே மனு கொடுத்துத் துண்டித்தால் டெபாசிட் திரும்ப வரும். இடிப்பதற்கு முன் நான்கு பக்கமும், உள்ளேயும், மாடியிலும் போட்டோ எடுங்கள், நடுவர் முன்னால் வீட்டுக்குச் சாட்சி அந்தப் படங்கள்தான்.

வீட்டின் ஒரு பகுதி மட்டும் போகிறது என்றால், மீதியை உடைக்கும்போது பாரம் தாங்கும் சுவர் எது என்று உங்கள் பொறியாளர் கூடவே நின்று சொல்ல வேண்டும், ஒப்பந்ததாரரின் ஆளிடம் விடாதீர்கள். இடிப்பு முடிந்ததும் சர்வேயரைக் கூப்பிட்டு மீதி நிலத்தை அளந்து உட்பிரிவு செய்து, புதிய எண்ணில் பட்டா கேளுங்கள், சொத்து வரியையும் குறைந்த பரப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். பழைய சர்வே எண் முழுக்க நெடுஞ்சாலை பெயரில் ஏறிக் கிடந்தால், நாளைக்கு மீதி இடத்தை விற்கவோ அதன் மேல் கடன் வாங்கவோ முடியாது. அந்தப் புதிய பட்டா கைக்கு வரும்வரை இந்தக் கோப்பைப் பரணில் ஏற்ற வேண்டாம்.